லூபஸுக்கு கார்-டி சிகிச்சை: ஸ்டீராய்டை இப்போதே நிறுத்தலாமா?

வணக்கம். தங்கைக்கு லூபஸ் (நோய் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்), சிறுநீரகம் வரை வந்துவிட்டது, கார்-டி என்ற புதிய செல் சிகிச்சை பற்றிய செய்தியைப் படித்ததிலிருந்து ஸ்டீராய்டை விட்டுவிடுகிறேன் என்று அடம்பிடிக்கிறாள் என எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து விடவிடாதீர்கள். மாதக்கணக்கில் ஸ்டீராய்டு எடுத்த உடம்பு, தானாகச் சுரக்கும் இயற்கை ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும், சட்டென நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும்.

அவள் படித்தது உண்மைதான். ஜெர்மனியில் எர்லாங்கன் மருத்துவர்கள் நோயாளியின் டி செல்களை (ஒருவகை நோய் எதிர்ப்பு செல்கள்) எடுத்து, லூபஸில் உடம்பையே தாக்கும் எதிர்ப்பொருள்களுக்குக் காரணமான பி செல்களை அழிக்கும்படி மாற்றி, திரும்ப உடம்பில் ஏற்றினார்கள். 2024இல் வெளியான முடிவில் லூபஸ் இருந்த 8 பேருக்கும் நோய் அடங்கி, மருந்தும் நின்றிருந்தது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது. ஆனால் அவர்கள் மற்ற மருந்துகளுக்கு மசியாத நோயாளிகள், செல் ஏற்றுவதற்கு முன் கீமோ வேறு உண்டு.

என் அக்காவுக்கும் இதே நோய். காலையில் சிறுநீரில் சோப்பு நுரை மாதிரி கலையாமல் நின்றதைப் பார்த்துத்தான் புரதம் போவதைக் கண்டுபிடித்தோம். தங்கையையும் நுரை, கால் வீக்கம் இரண்டையும் கவனிக்கச் சொல்லுங்கள். அப்புறம், லூபஸுக்குத் தரும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் மாத்திரை எடுக்கிறாளா? அது விழித்திரையைப் பாதிக்கலாம் என்பதால் கண் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். அடுத்த முறை வாதநோய் மருத்துவரைப் பார்க்கும்போது கார்-டி பற்றி அவளே வாய்விட்டுக் கேட்கட்டும்.