இரண்டு சதுர கிலோமீட்டர் நாடு, ஒரு மாஸ்டர்ஸ் கோப்பை

கேள்வி: 2025 அக்டோபரில், தரவரிசையில் 204-ஆம் இடத்தில் இருந்த மொனாக்கோவின் வாலன்டின் வாஷ்ரோ ஷாங்காய் மாஸ்டர்ஸ் டென்னிஸ் பட்டத்தை வென்றாரே, அதில் கொண்டாட என்ன இருக்கிறது? பணக்கார நாடு, கூடவே அதிர்ஷ்டம். அவ்வளவுதானே?
- வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: அதிர்ஷ்டம் இருந்தது, மறுக்கவில்லை. தகுதிச்சுற்றிலேயே காத்திருப்போர் பட்டியலில்தான் அவர் பெயர் இருந்தது. சிலர் விலகியதால் இடம் கிடைத்தது. முதல் நிலை வீரர் அல்கராஸ் வரவில்லை. இரண்டாம் நிலை வீரர் சின்னர் மூன்றாம் சுற்றில் தசைப்பிடிப்பால் நடக்க முடியாமல் வெளியேறினார். அரையிறுதியில் ஜோகோவிச் இடுப்பு வலியோடு ஆடினார். உங்கள் கட்சிக்கு நானே எடுத்துக்கொடுத்தாயிற்று.

இனி என் பக்கம். தகுதிச்சுற்றில் இரண்டு, பிரதானச் சுற்றில் ஏழு என ஒன்பது ஆட்டங்களை அவர் வென்றாக வேண்டியிருந்தது. ஷாங்காய் புழுக்கம் அந்த வாரம் பலரைப் படுக்க வைத்தது. புப்ளிக், க்ரீக்ஸ்பூர், ரூனே, இறுதியில் ரின்டர்க்னெக் என நான்கு பேரிடம் முதல் செட்டைத் தோற்றுவிட்டு ஜெயித்திருக்கிறார். க்ரீக்ஸ்பூர், ரூனே ஆட்டங்களில் இரண்டாவது செட் டைபிரேக் (செட் 6-6 என்று சமமானால் ஆடும் முடிவாட்டம்) வரை போனது. அங்கே சறுக்கியிருந்தால் அன்றைக்கே பெட்டி கட்டியிருப்பார். ஜோகோவிச்சை 6-3, 6-4 என்று முடித்தார். இத்தனைக்கும் அதிர்ஷ்டம் என்று பெயர் வைத்தால், அந்தச் சொல்லுக்கே பாரம் தாங்காது.

பணக்கார நாடு என்கிறீர்கள். நாட்டின் பணம் ஆட்டக்காரரின் பையில் இருப்பதில்லை. ஷாங்காய்க்கு முன் அவருடைய மொத்தப் பரிசுப் பணமே ஆறு லட்சம் டாலருக்குச் சற்றுக் குறைவு. பெரிதாகத் தெரிகிறதா? விமானம், ஓட்டல், பயிற்சியாளர், பிசியோ என்று பல வருடச் செலவைக் கழித்துப் பாருங்கள். ஷாங்காயில் ஒரே போட்டியில் பதினோரு லட்சம் டாலருக்கு மேல் கிடைத்தது. அதற்கு முன் அவர் சுற்றியது சேலஞ்சர் எனும் கீழ்நிலைப் போட்டிகளில். 2024-இல் புனே சேலஞ்சரையும் வென்றிருக்கிறார். அங்கே பட்டத்துக்கு 100 தரவரிசைப் புள்ளி, மாஸ்டர்ஸில் 1000. புள்ளிகளுக்கு ஆயுள் 52 வாரம்தான். தோளில் காயம் பட்டுச் சில மாதம் உட்கார்ந்தால், போன வருடப் புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிரும். 110 வரை ஏறியவர் 204-க்கு இறங்கிய கதை இதுதான். ஷாங்காய் முடிந்த மறுநாள் 40.

மொனாக்கோவின் பரப்பு சுமார் இரண்டு சதுர கிலோமீட்டர். மான்டே கார்லோ மாஸ்டர்ஸ் நடக்கும் கிளப்கூட எல்லைக்கு அந்தப் பக்கம், பிரான்சின் ரோக்புரூன் கேப் மார்டினில் இருக்கிறது! அந்த நாட்டின் உண்மையான வசதி வேறு: வருமான வரி இல்லாததால் முன்னணி ஆட்டக்காரர்கள் பலர் அங்கே குடியிருக்கிறார்கள். பயிற்சிக்கு உலகின் முதல் இருபதில் ஒருவர் பக்கத்துத் தெருவில் கிடைப்பார். ஆனால் பதினெட்டு வயதுப் பையனுக்கு வாராவாரம் நெருக்கடியான ஆட்டங்கள் தேவை; அது உள்ளூரில் கிடைக்காது. அதனால்தான் அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்துக்குப் போனார். கல்லூரி அணியில் பயிற்சி, பயணம், மைதானம் எல்லாம் பல்கலைக்கழகச் செலவு.

பயிற்சியாளர், ஒரே தாய்க்குப் பிறந்த அண்ணன் பென்ஜமின் பாலரே. இந்த பாலரேயின் அதிகபட்சத் தரவரிசை 204. தம்பி ஷாங்காய்க்கு வந்து இறங்கியதும் அதே எண்ணோடு.

இறுதியில் தோற்ற ரின்டர்க்னெக், வாஷ்ரோவின் ஒன்றுவிட்ட சகோதரர், அதே டெக்சஸ் கல்லூரிக்காரர். இரண்டு வாரம் கழித்து பாரிஸ் மாஸ்டர்ஸில் இருவரும் மறுபடி மோதினார்கள். முதல் செட்டைத் தோற்று, அங்கேயும் வாஷ்ரோவே வென்று, காலிறுதி வரை போனார்.