கணுக்கால்: சுளுக்கா, முறிவா?
தண்ணீர்மலைப் படியில் இறங்கும்போது கால் மடங்கி, ராத்திரிக்குள் கணுக்கால் வீங்கி நீலம் பாய்ந்துவிட்டது, சுளுக்குதானா என்று கேட்டிருக்கிறீர்கள். வீக்கத்தையும் நீலத்தையும் வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, இரண்டிலும் வரும். விரல் அசைந்தால் உடையவில்லை என்று யாராவது சொல்வார்கள், நம்பாதீர்கள், உடைந்த காலிலும் விரல் அசையும்.

டாக்டர்கள் பார்ப்பது இதைத்தான்: மடங்கிய உடனேயும் சரி, இப்போதும் சரி, நொண்டியாவது நான்கு அடி வைக்க முடிகிறதா? அப்புறம், கணுக்காலின் இரு பக்கமும் துருத்தி நிற்கும் எலும்பின் நுனியையும், அங்கிருந்து மேலே 6 சென்டிமீட்டர் வரை அதன் பின் ஓரத்தையும் அழுத்துங்கள், பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே புடைத்திருக்கும் எலும்பையும் உள்பக்க வளைவுக்கு மேல் இருப்பதையும் விடாதீர்கள். எலும்பின் மேலேயே சுரீர் என்றாலோ, அடி வைக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே கட்டாயம். சர்க்கரை நோயால் கால் மரத்துப்போகிறவர் என்றால் இந்தச் சோதனையே செல்லாது.

கால் கோணலாகத் தெரிந்தாலோ, விரல்கள் வெளுத்து மரத்தாலோ அழுத்திப் பார்க்கவே வேண்டாம், நேராகப் பெரிய ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுதான். எதுவானாலும் தைலம் போட்டு உருவ இப்போது யாரையும் விடாதீர்கள். துணியில் சுற்றிய ஐஸை 15, 20 நிமிடம் வைத்து, காலைத் தலையணை மேல் தூக்கி வையுங்கள்.