புரொஜெக்‌ஷன் டிவியில் வெள்ளைப் புள்ளிகள்: எக்ஸ்டெண்டட் வாரண்டி கைகொடுக்குமா?

கேள்வி: கானாடுகாத்தானில் இருக்கிறோம். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் ஊருக்கு வந்தபோது, காரைக்குடிக் கடை ஒன்றில் 1,85,000 ரூபாய்க்கு லேசர் புரொஜெக்‌ஷன் டிவி (சுவரிலோ திரையிலோ படத்தைப் பாய்ச்சும் வகை) வாங்கித் தந்தான். அதே கடையில் 14,500 ரூபாய் கட்டி மூன்று வருட எக்ஸ்டெண்டட் வாரண்டியும் எடுத்தோம். கம்பெனி வாரண்டி முடிந்து ஏழாவது மாதம் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. இப்போது எண்ண முடியவில்லை. பார்க்க வந்தவர், "வளவு (வீட்டின் நடு முற்றம்) திறந்து கிடக்கிறது, தூசி போயிருக்கும்" என்றார். வாரண்டி கம்பெனி, "ஆப்டிகல் பாகங்களுக்கு வாரண்டி கிடையாது, 62,000 ரூபாய் ஆகும்" என்கிறது. பில் மகன் பெயரில் இருக்கிறது. நான் வழக்குப் போடலாமா? பத்து லட்சம் நஷ்ட ஈடு கேட்கச் சொல்கிறான் மகன்.

பதில்: ஆச்சி, முதலில் அந்த 62,000 ரூபாயைக் கட்டாதீர்கள். பழுதான பாகத்தைக் கழற்றிக்கொண்டு போய்விட்டால் உங்கள் முக்கியமான சாட்சியும் அதோடு போய்விடும். கட்டியே ஆக வேண்டிய நிலை வந்தால், "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, கழற்றிய பாகத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

தூசி என்று பார்க்க வந்தவர் வாயால் சொன்னாரா, ஜாப் ஷீட்டில் (பழுது பார்த்த குறிப்புத் தாளில்) எழுதினாரா? உங்கள் வழக்கே இதில்தான் இருக்கிறது. இந்த வகை டிவிகள் பெரும்பாலும் டிஎல்பி சிப்பில் இயங்குபவை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தில் 1987இல் பிறந்த தொழில்நுட்பம் அது. விரல் நகம் அளவுள்ள சிப்பில் லட்சக்கணக்கான நுண்கண்ணாடிகள் அசைந்துகொண்டே இருக்கும். ஒரு கண்ணாடி 'ஆன்' நிலையில் சிக்கிக்கொண்டால் அந்த இடத்தில் வெள்ளைப் புள்ளி நிற்கும். 'ஆஃப்' நிலையில் சிக்கினால் கறுப்புப் புள்ளி. சிப் கெட ஆரம்பித்தால் புள்ளிகள் பெருகிக்கொண்டே போகும். உள்ளே தூசி படிந்தால் அப்படித் தெரியாது. அது ஓரம் மங்கிய திட்டாக விழும்.

ஆகவே இன்று இரவே ஒன்று செய்யுங்கள். செட்டாப் பாக்ஸைக் கழற்றிவிட்டு டிவியின் சொந்த மெனுவை மட்டும் திரையில் கொண்டுவாருங்கள். பின்புலம் இருட்டாக இருக்கட்டும். பளபளக்கும் முட்டைப் பூச்சுச் சுவரிலேயே படம் விழுகிறது என்றால், மேலே ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டும் பாருங்கள். அப்போதும் அதே இடத்தில், கூர்மையாக, புள்ளி நின்றால் சேனல் மேலும் பழியில்லை, சுவர் மேலும் பழியில்லை. தேதி தெரியும்படி போட்டோவும் வீடியோவும் எடுத்து, வாரத்துக்கு ஒரு முறை அதையே திரும்ப எடுங்கள். (கண்ணை அசைக்கும்போது ஓரங்களில் வானவில் நிறம் மின்னுவது வேறு விஷயம். அது இந்தத் தொழில்நுட்பத்தின் இயல்பு. அதைப் புகாரில் சேர்த்தால் வழக்கு பலவீனமாகும்.)

அப்புறம் வாரண்டி கம்பெனிக்கு மின்னஞ்சல் அனுப்பி, பழுதுக்கான காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தூசி என்றே எழுதினாலும் பயமில்லை. வளவைப் பார்த்து, அந்த இடத்தில் டிவியை மாட்டியது யார்? கடையோ கம்பெனியோ அனுப்பிய ஆள்தானே! அந்த இன்ஸ்டலேஷன் தாளைத் தேடி எடுத்து வையுங்கள். காரணத்தில் தகராறு நீடித்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 38இன்படி பொருளைத் தகுந்த ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லி நுகர்வோர் ஆணையத்தைக் கேட்கலாம்.

அடுத்து அந்த "ஆப்டிகல்" விவகாரம். பணம் கட்டிய அன்று விதிமுறைத் தாளைக் கையில் கொடுத்தார்களா? எனக்குத் தெரிந்து பல கடைகளில் ரசீது மட்டும்தான் வருகிறது, விதிமுறை பழுதுக்குப் பிறகுதான் வருகிறது. இது எனக்கு மிகவும் கோபம் தரும் பழக்கம். மாடர்ன் இன்சுலேட்டர்ஸ் எதிர் ஓரியண்டல் இன்சூரன்ஸ் வழக்கில், முன்கூட்டியே தெரிவிக்காத விலக்கு நிபந்தனையைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2000இல் சொன்னது. அது காப்பீட்டு வழக்குதான், ஆனாலும் அதே நியாயத்தை நாம் இங்கே வைத்து வாதாடலாம். தாளைக் கொடுத்திருந்தாலும் வழி இருக்கிறது. லென்ஸ், கண்ணாடி ஆகியவை ஆப்டிகல் பாகம், சரி. டிஎல்பி சிப் ஒரு செமிகண்டக்டர், மின்னணுப் பாகம். ஒப்பந்த வாசகத்துக்கு இரண்டு பொருள் கொள்ள முடிந்தால், அதை எழுதியவருக்கு எதிராகத்தான் பொருள் கொள்ள வேண்டும் என்பது பழைய சட்ட விதி.

பில் மகன் பெயரில் இருப்பது தடையே இல்லை. வாங்கியவரின் சம்மதத்தோடு பொருளைப் பயன்படுத்துபவரும் அதே நுகர்வோர் சட்டத்தின் பிரிவு 2(7)இன்படி நுகர்வோர்தான். எதற்கும் மகனிடம் ஒரு சம்மதக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் வீட்டில் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை வாடகைக்கு விடுபவராக இருந்தால் என்னிடம் மறைக்காதீர்கள். டிவி அவர்களுக்காக என்று எதிர்த்தரப்பு நிறுவிவிட்டால், "வணிக நோக்கம்" என்று சொல்லி வழக்கையே தள்ளப் பார்ப்பார்கள். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துவதென்றால் சட்டத்திலேயே விலக்கு உண்டு.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதோடு தயாரித்த கம்பெனி, கடை, வாரண்டி கம்பெனி மூவருக்கும் பதினைந்து நாள் கெடு வைத்து வக்கீல் நோட்டீஸ் போகட்டும். "நாங்கள் விற்றதோடு சரி" என்று கடை நழுவ முடியாதபடி, 14,500 ரூபாயைக் கடையே வாங்கிய ரசீதை நகலெடுத்து இணைத்துவிடுங்கள். அதற்கும் அசையாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் வழக்கு. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். கொடுத்த விலை ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. இணையத்திலும் தாக்கல் செய்யலாம், காணொலி விசாரணைக்கும் மனு போடலாம். வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. டிவி வாங்கிய தேதியைக் கணக்கில் வைத்துக் கலங்க வேண்டாம்.

பத்து லட்சம் வேண்டாம், ஆச்சி. இலவசமாகச் சிப்பை மாற்றித் தர வேண்டும், முடியாவிட்டால் வேறு டிவி, அதுவும் முடியாவிட்டால் கொடுத்த பணம். அதோடு மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகையும் வழக்குச் செலவும். இந்த வரிசையில் கேட்டால் ஆணையத்துக்கு உத்தரவிடுவது எளிது. வரும்போது பில், வாரண்டி ரசீது, ஜாப் ஷீட், போட்டோக்கள், கம்பெனி அனுப்பிய மெசேஜ்கள் எல்லாவற்றையும் கொண்டுவாருங்கள். ஸ்டெபிலைசர் வாங்கிய பில் இருந்தால் அதையும் எடுத்து வாருங்கள். தூசி என்ற கதை எடுபடாவிட்டால் அடுத்து வோல்டேஜ் என்பார்கள்.