சின்னப் பதக்கங்கள் யாருடையவை?

கேள்வி: பழம்பொருள் ஏலத்தில் ஒரே பட்டையில் தைத்த ஆறு மினியேச்சர் பிரிட்டிஷ் ராணுவப் பதக்கங்களை வாங்கினேன். மிலிட்டரி கிராஸ் (வீர விருது), 1914-15 ஸ்டார், பிரிட்டிஷ் வார் மெடல், ஓக் இலை பதித்த விக்டரி மெடல், ‘வசீரிஸ்தான் 1919-21’ என்ற கிளாஸ்ப் (ரிப்பனில் மாட்டும், போர்முனையின் பெயர் பொறித்த உலோகப் பட்டை) உள்ள இந்தியா ஜெனரல் சர்வீஸ் மெடல், 1937 முடிசூட்டு விழாப் பதக்கம். எதிலும் பெயர் இல்லை. விற்றவர் ஒரு மேஜரின் பெயர் எழுதிய தாளைத் தந்தார். இன்னொருவர் கட்டணம் கொடுத்தால் உறுதிச் சான்றிதழ் தருவதாகச் சொல்கிறார். உண்மையான சொந்தக்காரரை எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: முதலில் அந்தச் சான்றிதழுக்குப் பணம் கொடுக்காதீர்கள். மற்றதைப் பிறகு பார்ப்போம்.

பெயர் இல்லாதது குறையே அல்ல. அரசு வழங்கியவை முழு அளவுப் பதக்கங்கள். வார் மெடலும் விக்டரி மெடலும் சுமார் 36 மில்லிமீட்டர் விட்டம். பெற்றவரின் பதவியும் பெயரும் அவற்றின் விளிம்பில் இருக்கும், 1914-15 ஸ்டாரில் பின்பக்கம் இருக்கும். உங்களிடம் இருப்பவை அதில் பாதி அளவு. இரவு விருந்துச் சீருடையில் அணிவதற்காக அதிகாரி தன் கைக்காசைப் போட்டுத் தையல்காரரிடமோ நகைக்கடையிலோ வாங்கிக்கொண்டவை. அவற்றில் பெயர் பொறிக்கும் வழக்கம் பொதுவாகக் கிடையாது. முதல் உலகப் போரில் முழு அளவு மிலிட்டரி கிராஸையே பெயரில்லாமல்தான் கொடுத்தார்கள்.

இந்த வெற்றிடத்தில்தான் வியாபாரி நுழைகிறார். விருது பெற்றவர்களின் பட்டியலைத் திறந்து, இதே விருதுகள் உள்ள ஒருவரைப் பிடித்து, பெயரைத் தாளில் எழுதிச் சேர்த்துவிடுவார். அந்த மேஜர் உண்மையில் வாழ்ந்தவராக இருப்பார்; விருதுகளும் பொருந்தும். பதக்கத்துக்கும் அவருக்கும் இடையே மட்டும் எந்தத் தொடர்பும் இருக்காது. ‘இவருடையது’ என்று எழுதியிருக்கிறதா, ‘இவருடையதாக இருக்கலாம்’ என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் இரண்டாவது வாக்கியத்தை எழுதிவிட்டு முதல் வாக்கியத்துக்கான விலையை வாங்கியிருப்பார்கள்.

இதைவிட மோசமான வேலையும் நடக்கிறது. பிரிட்டிஷ் வார் மெடல் 60 லட்சத்துக்கும் மேல் வழங்கப்பட்டது. அந்தச் சாதாரணத் தொகுப்போடு மிலிட்டரி கிராஸ் ஒன்றைத் தைத்துவிட்டால் விலை ஏறிவிடும். ஆகவே பட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். ஆறுக்கும் ஒரே நூலா? முதல் பதக்கத்தின் அருகே பழைய ஊசித் துளைகள் காலியாக இருக்கின்றனவா? ஆறு ரிப்பன்களும் ஒரே அளவுக்கு வெளுத்திருக்கின்றனவா? இருட்டறையில் புறஊதா டார்ச்சை அடியுங்கள். 1937-ல் தைத்த பருத்தி நூல் பொதுவாக மங்கலாகவே தெரியும். பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் அந்த நூல் பெரும்பாலும் பிற்காலத்தது. இற்றுப்போன ரிப்பனை நேர்மையாக மாற்றியவர்களும் உண்டு என்பதால் இதை மட்டும் வைத்துப் போலி என்று சொல்லிவிடாதீர்கள். பட்டையின் பின்னால் தையல்காரரின் பெயரோ முகவரியோ இருந்தால் படம் எடுத்து வையுங்கள். பெட்டி இருந்தால் உள்மூடியையும் விடாதீர்கள். எதையும் பாலிஷ் போடாதீர்கள், பிரிக்காதீர்கள்.

இனித் தேடல். மிலிட்டரி கிராஸ் இருப்பதால் அதிகாரி என்று கொள்ளலாம். ஓக் இலை, தளபதியின் போர் அறிக்கையில் பெயர் இடம்பெற்றதற்கான அடையாளம். முதல் உலகப் போர்க்கால மிலிட்டரி கிராஸ் மட்டும் 37,000-க்கு மேல். ஆனால் 1915 முடிவதற்குள் போர்முனைக்குப் போயிருக்க வேண்டும், பிறகு வசீரிஸ்தான் சண்டையில் இருந்திருக்க வேண்டும், அதன்பின் 1937 பதக்கம் என்று ஒவ்வொன்றாகப் போட்டுச் சலித்தால் பட்டியல் வேகமாகச் சுருங்கும். 1930-களின் ராணுவ அதிகாரிகள் பட்டியல்களில் பெயருக்குப் பக்கத்திலேயே விருது குறிக்கப்பட்டிருக்கும்; ஸ்காட்லாந்து தேசிய நூலகம் இத்தகைய பட்டியல்கள் பலவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. இந்திய ராணுவப் பட்டியல்களையும் சேர்த்துப் பாருங்கள்.

ஒரு விஷயத்தில் பலர் தடுக்கி விழுகிறார்கள், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். இந்தத் தொகுப்பு காட்டுவது ஒருவரின் முழு வாழ்க்கையை அல்ல. தையல்காரர் பட்டையைத் தைத்த நாளில் அவரிடம் என்ன இருந்தது என்பதை மட்டும். உங்களுடையது 1937-லோ அதற்குப் பிறகோ தைத்தது. இரண்டாம் உலகப் போர்ப் பதக்கங்கள் 1945-க்குப் பிறகுதான் கைக்கு வந்தன. ஆகவே பட்டியலில் உள்ள ஒருவர் பின்னாளில் பர்மா ஸ்டார் பெற்றிருந்தால், ‘இதில் பர்மா ஸ்டார் இல்லையே’ என்று அவரை நீக்கக் கூடாது. அவர் பிற்பாடு புதிதாக வேறொரு தொகுப்பு செய்துகொண்டு, பழையதை மேசை இழுப்பறையில் போட்டிருக்கலாம். பின்னாளில் அதிகம் பெற்றவர் பட்டியலில் இருக்கட்டும். இந்த ஆறில் ஒன்றுகூடக் குறைந்தவரை நீக்குங்கள். விற்பவர்களில் பாதிப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஆவணக் காப்பகங்களை நினைத்தால் எரிச்சல்தான் வருகிறது. 1940 செப்டம்பரில் லண்டன் குண்டுவீச்சில் முதல் உலகப் போர்ச் சேவை ஆவணங்களில் பெரும்பகுதி எரிந்தது, அது விதி. ஆனால் யாருக்கு எந்தப் பதக்கம் என்று குறித்த, தப்பிய பதக்க அட்டவணை அட்டைகளை ஒரு பக்கம் மட்டும் படமெடுத்துக் காசுக்கு விற்பதை என்னவென்று சொல்வது? அதிகாரிகளின் முகவரி பல அட்டைகளில் பின்பக்கத்தில்தான் இருக்கிறது. இரு பக்கமும் வண்ணத்தில் உள்ள பதிப்பு வணிக வம்சாவளித் தளத்தில் கிடைக்கிறது, அதைத் தேடுங்கள். விருதுகளை அறிவிக்கும் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட் இலவசம். ஆனால் அதன் தேடுபெட்டி பழைய அச்சைத் தப்பும் தவறுமாகப் படிக்கிறது. பெயர் வரவில்லை என்றால் தேதியை வைத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டுவதே வழி.

கடைசியில் மூன்று நான்கு பெயர்கள் மிஞ்சலாம். பெட்டியோ கடிதமோ, குடும்பத்தின் வழியாகக் கைமாறி வந்ததற்கான வேறு சான்றோ இல்லாமல் அதை ஒன்றாகக் குறைக்க வழியில்லை. சான்றிதழ் தருபவரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: மற்றவர்களை எந்த ஆதாரத்தில் விலக்கினீர்கள்? பதில் எழுத்தில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். மிஞ்சிய பெயர்களைத் தனித் தாளில் எழுதிப் பதக்கங்களோடு வையுங்கள். ஆர்வத்தில் உலோகத்தில் மட்டும் பெயர் பொறித்துவிடாதீர்கள்.