தொடக்கப் பள்ளிப் பாடங்களுக்குள் கொரியப் பண்பாடு: ஆசிரியர்கள், பெற்றோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி (நான்காம் வகுப்பு ஆசிரியை): அம்மா, எங்கள் பள்ளியில் ஆண்டுக்கொரு முறை ‘கொரியா நாள்’ நடத்துகிறோம். ஹன்போக் உடை, ஒரு பாட்டு, சிறிது உணவு. அது போதாதா?

பதில்: அந்த ஒரு நாளில் பிள்ளைகள் மகிழ்வார்கள், ஆனால் பார்வையாளர்களாகவே இருந்துவிடுவார்கள். கணக்கு ஆசிரியர் கணக்கைத்தான் கற்பிக்க வேண்டும், அறிவியல் ஆசிரியர் அறிவியலைத்தான் கற்பிக்க வேண்டும். அதற்கான பொருளை மட்டும் ஒரு பருவம் முழுவதும் கொரியாவிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும் என்பதே என் கருத்து. பாடத்துக்கு ஒரு பொருள் போதும், ஆனால் அதில் ஆழமாக இறங்க வேண்டும்.

கேள்வி (மொழி ஆசிரியர்): கொரிய எழுத்தை ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டுவது சுமையாகாதா?

பதில்: ஆகாது, ஐயா. இன்ன மன்னர், இன்ன ஆண்டு, இன்ன காரணம் என்று சொல்லக்கூடிய எழுத்துமுறைகள் உலகில் மிகச் சில. ஹங்குல் என்னும் கொரிய எழுத்து அவற்றுள் ஒன்று. சீன எழுத்துகளைக் கற்க வாய்ப்பில்லாத எளிய மக்களும் தம் எண்ணத்தை எழுத வேண்டும் என்பதற்காகச் செஜோங் மன்னர் 1443இல் அதை உருவாக்கி, 1446இல் வெளியிட்டார். அன்று 28 எழுத்துகள் இருந்தன. இன்றைய அடிப்படை எழுத்துகள் 24. அவற்றின் வடிவங்கள்தாம் வகுப்பறைக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு. ‘ந’ ஒலிக்கான எழுத்து, மேலண்ணத்தைத் தொடும் நாவின் வளைவைக் காட்டுகிறது. ‘ம’ ஒலிக்கானது வாயின் வடிவம். ‘க’ ஒலிக்கானது தொண்டையை அடைக்கும் நாவின் பின்பகுதி. பிள்ளைகளை ஒரு கண்ணாடியின் முன் நிறுத்தி இந்த ஒலிகளைச் சொல்லச் செய்யுங்கள். உதடும் நாவும் எங்கே நிற்கின்றன என்று முதலில் அவர்களே வரையட்டும், அதன்பின் கொரிய எழுத்தைக் காட்டுங்கள். மெய்யெழுத்துகளைப் பிறப்பிடம் வைத்துப் பிரிக்கும் தமிழ் இலக்கணப் பாடமும் அதே வேளையில் நடந்துவிடும்.

கேள்வி (கணக்கு ஆசிரியர்): கணக்கில் என்ன செய்யலாம்?

பதில்: யுத்நோரி என்னும் புத்தாண்டு விளையாட்டைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் வளைவாகவும் உள்ள நான்கு குச்சிகளை எறிய வேண்டும். தட்டைப் பக்கம் ஒன்று மேலே விழுந்தால் ‘தோ’, ஒரு கட்டம் நகரலாம். இரண்டு விழுந்தால் ‘கே’, மூன்று ‘கோல்’, நான்கும் விழுந்தால் ‘யுத்’. நான்கும் வளைவாக விழுந்தால் ‘மோ’, ஐந்து கட்டங்கள். யுத், மோ இரண்டுக்கும் மறுபடி எறியும் உரிமை உண்டு. குச்சியின் இரு பக்கங்களும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 16 வழிகள். அவற்றில் ‘கே’ 6, ‘தோ’வும் ‘கோலு’ம் நந்நான்கு, ‘யுத்’தும் ‘மோ’வும் ஒவ்வொன்று. இதைப் பிள்ளைகளே பட்டியலிட்டுக் கண்டுபிடிக்கட்டும். பிறகு நூறு முறை எறிந்து எண்ணச் சொல்லுங்கள். குச்சி சமமான வடிவம் கொண்டதல்ல என்பதால் எண்ணிக்கை பட்டியலோடு ஒத்துப்போகாது. ஏன் என்று அவர்கள் கேட்கும் இடத்தில்தான் நிகழ்தகவு உண்மையிலேயே தொடங்குகிறது. குச்சிகள் கிடைக்காவிட்டால், தாயம் ஆடுவதற்குச் செய்வதுபோல ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டைகள் நான்கு போதும்.

கேள்வி (ஒரு தாயார்): புளிக்கவைத்த கொரியக் காய்கறி உணவான கிம்ச்சியை அறிவியல் வகுப்பில் செய்யப்போவதாகச் சொல்கிறார்கள். நாங்கள் சைவம், காரமும் மகளுக்கு ஆகாது.

பதில்: தாங்கள் தயங்க வேண்டியதில்லை. மீன் சேர்ப்பது பல வீடுகளின் வழக்கம்தான் என்றாலும், கொரியப் பௌத்த மடங்களில் மீனும் பூண்டும் வெங்காயமும் இல்லாமல் கிம்ச்சி செய்கிறார்கள். மிளகாய் கொரியாவுக்குப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித்தான் வந்தது. அதற்கு முந்தைய கிம்ச்சியில் மிளகாய் கிடையாது, இன்றும் வெள்ளைக் கிம்ச்சி உண்டு. பாடத்துக்குத் தேவையானவை முட்டைக்கோசும் உப்பும்தான். உப்பு இலையிலிருந்து நீரை வெளியே இழுக்கிறது, கெடுக்கும் நுண்ணுயிரிகள் பலவற்றைத் தடுக்கிறது. உப்பைத் தாங்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் இலையின் சர்க்கரையை உண்டு அமிலத்தையும் கார்பன் டை ஆக்சைடையும் உண்டாக்குகின்றன. இட்லி மாவைப் புளிக்கவைக்கும் லூக்கோனோஸ்டாக் வகை பாக்டீரியாவே இங்கும் வேலை செய்கிறது. ஒரு சாடியைக் குளிர்பெட்டியிலும் மற்றொன்றை வெளியிலும் வைத்து, செம்பருத்திப் பூச்சாற்றால் நாள்தோறும் அமிலத்தன்மையைச் சோதிக்கலாம். வாயு சேரும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது என்று ஆசிரியரிடம் நினைவூட்டுங்கள்.

கேள்வி (தலைமை ஆசிரியர்): இரண்டு கொரியாக்கள், போர் ஆகியவற்றை இந்த வயதில் சொல்லத்தான் வேண்டுமா?

பதில்: சொல்ல வேண்டும், வரைபடத்தில் கோட்டைப் பார்த்ததுமே பிள்ளைகள் கேட்டுவிடுவார்கள். 1945இல் ஜப்பானிய ஆட்சி முடிந்தபோது 38ஆவது இணைகோட்டில் நாடு பிரிக்கப்பட்டது, 1948இல் இரண்டு அரசுகள் அமைந்தன, 1950இல் மூண்ட போர் 1953இல் போர்நிறுத்தத்தோடு நின்றது, அமைதி ஒப்பந்தம் இன்றுவரை கையெழுத்தாகவில்லை. இந்த அளவு போதும். அந்தப் போரில் லெப்டினன்ட் கர்னல் ஏ.ஜி. ரங்கராஜ் தலைமையில் இந்தியாவின் 60ஆவது பாராசூட் கள மருத்துவப் பிரிவு காயமுற்றோருக்குச் சிகிச்சை அளித்ததையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிரிந்தவர்கள் எதைப் பகிர்கிறார்கள் என்பதற்கு, சிரும் என்னும் மல்யுத்தம் 2018இல் இரு கொரியாக்களின் பெயரிலும் ஒன்றாக யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது நல்ல சான்று. ஆரிராங் பாட்டும் இரு பக்கமும் பாடப்படுகிறது. இசை வகுப்பு அதை எடுத்துக்கொள்ளலாம்.

கேள்வி (ஒரு தந்தை): கொரியாவின் அரசி ஒருவர் தமிழ்ப்பெண் என்று என் மகன் சொல்கிறான். உண்மையா?

பதில்: ‘சாம்குக் யுசா’ என்னும் பதின்மூன்றாம் நூற்றாண்டு நூல், கி.பி. 48இல் ஆயுதா நாட்டிலிருந்து கடல்வழி வந்த ஹோ ஹ்வாங்-ஓக் என்பவர் பண்டைக் கொரிய நாடான காயாவின் சூரோ மன்னரை மணந்ததாகக் கூறுகிறது. ஆயுதாவை அயோத்தி என்பாரும் தமிழகம் என்பாரும் உண்டு. இரண்டுக்கும் உறுதியான சான்று இல்லை. நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலத்துக்கும் நூலுக்கும் இடையே ஏறத்தாழ 1200 ஆண்டுகள். மகனுடைய ஆர்வத்தைத் தடுக்காதீர்கள், ஆனால் அந்த இடைவெளியை அவனே கழித்துப் பார்த்து, இவ்வளவு பின்னால் எழுதப்பட்ட செய்தியை எந்த அளவுக்கு நம்பலாம் என்று வகுப்பில் வாதிடட்டும்.