வாசகர் கேள்வி பதில்: கல்லூரிக் கால்பந்தில் ஓட்டமும் பாஸும்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தைப் பற்றி வந்த கடிதங்களில் பெரும்பாலானவை இந்த முறை ஒரே விஷயத்தைச் சுற்றியே இருந்தன. தாக்கும் அணி பந்தைச் சுமந்து ஓடுவதற்கும் முன்னோக்கி எறிவதற்கும் இடையே எப்படிச் சமநிலை காண்கிறது என்பதே அது. ஆகவே இந்த இதழின் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: ஐயா, என் மகன் அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகத்தில் படிக்கிறான். அவனால் எனக்கும் சனிக்கிழமை ஆட்டங்களைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. அவனுடைய அணி ஓர் ஆட்டத்தில் 45 முறை பந்தைச் சுமந்து ஓடி, 18 முறை மட்டுமே எறிந்து, வெற்றியும் பெற்றது. ஆனால் வர்ணனையாளர்கள் “இந்தத் தாக்குதலில் சமநிலை இல்லை” என்று கடைசிவரை சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வென்ற அணியிடம் என்ன குறை? பாதிக்குப் பாதி ஓடவும் எறியவும் வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. பாதிக்குப் பாதி என்ற கணக்கு பார்ப்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், ஆட்டத்தின் போக்கைப் பற்றி அது சொல்வது மிகக் குறைவு.

அடிப்படையிலிருந்து தொடங்குகிறேன். தாக்கும் அணி நான்கு டவுன்களுக்குள், அதாவது நான்கு முயற்சிகளுக்குள், பத்து யார்டு முன்னேற வேண்டும். ஓட்டம் பெரும்பாலும் மூன்று, நான்கு யார்டு என்று சிறுகச் சிறுகத்தான் தரும், ஆனால் அநேகமாக ஏதாவது தரும். பாஸ் ஒரே வீச்சில் முப்பது யார்டு தரக்கூடும், ஆனால் பந்து தரையில் விழுந்தால் ஒரு டவுன் வீண், எதிராளியின் கையில் சிக்கினால் பந்தே பறிபோகும். இதோடு கடிகாரமும் சேர்கிறது. எல்லைக்கோட்டுக்குள் முடியும் ஓட்டத்திற்குப் பின் கடிகாரம் பொதுவாக ஓடிக்கொண்டே இருக்கும், பிடிபடாத பாஸுக்குப் பின் நின்றுவிடும். அதனால் முன்னிலையில் இருக்கும் அணி கடைசிக் கால் பகுதியில் ஓடி ஓடி நேரத்தைக் கரைக்கும், பின்தங்கிய அணி வேறு வழியில்லாமல் எறிந்துகொண்டே இருக்கும். உங்கள் மகனுடைய அணியின் 45 ஓட்டங்களில் எத்தனை வெற்றியைத் தேடித் தந்தவை, எத்தனை வெற்றி உறுதியான பிறகு நேரம் போக்க ஓடியவை என்பதைப் பிரித்துப் பார்க்காமல் அந்த எண்ணிக்கையை வைத்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

என்னைப் பொறுத்தவரை சமநிலை என்பது, பந்து நடுவீரரின் கையிலிருந்து பின்னால் வந்து சேரும் அந்தக் கணம்வரை எதிரணியின் பதினொரு பேரில் ஒருவருக்கும் “இது ஓட்டம்தான்”, “இது பாஸ்தான்” என்று துணிந்து முடிவெடுக்க முடியாத நிலை. முதல் டவுனிலும், இன்னும் ஐந்தாறு யார்டு தேவைப்படும் இரண்டாம் டவுனிலும் உங்கள் அணி என்ன செய்கிறது என்று கவனியுங்கள். இரண்டு வழியும் திறந்திருக்கும் நேரம் அதுதான். மூன்றாம் டவுனில் பன்னிரண்டு யார்டு தேவை என்றால் எறிவார்கள் என்பதும், ஒரு யார்டு தேவை என்றால் ஓடத்தான் அதிக வாய்ப்பு என்பதும் மைதானத்தில் இருக்கும் எல்லோருக்கும் தெரியும்.

கேள்வி: பழைய நாட்களில் கல்லூரி அணிகள் பாஸையே தொடமாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். அது வெறும் பழமைப் பற்றா?

பதில்: பழமைப் பற்று மட்டும் அல்ல, விதிகளும் அப்படித்தான் இருந்தன. ஆட்டத்தின் முரட்டுத்தனம் கவலை தந்ததால், 1905 அக்டோபரில் அப்போதைய அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். அந்த சீசனில் மைதானத்தில் பல இளைஞர்கள் உயிரிழந்தார்கள். அதன் பின் வந்த 1906ஆம் ஆண்டு சீர்திருத்தங்களில்தான் முன்னோக்கி எறிவது சட்டபூர்வமானது. அப்போதும் எறிந்த பந்து யார் மேலும் படாமல் தரையில் விழுந்தால் எதிரணிக்கே போய்விடும் என்ற கடுமையான நிபந்தனை இருந்ததால், பயிற்சியாளர்கள் தயங்கியதில் வியப்பில்லை. 1913இல் நாட்டர் டேம் அணி, கஸ் டொரேயின் எறிதலையும் நூட் ராக்னியின் பிடித்தலையும் நம்பி, ஆர்மி அணியை 35–13 என்று வென்றபோது நாடே திரும்பிப் பார்த்தது.

விதிகள் தளர்ந்த பிறகும் ஓட்டத்தை முதன்மையாகக் கொண்ட பெரிய அணிகள் பல தலைமுறைகளுக்குத் தொடர்ந்தன. 1968இல் டெக்சஸ் பல்கலைக்கழகம் கொண்டுவந்த விஷ்போன் வியூகத்தில், பந்தை முதலில் வாங்கித் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்குக்குப் பின்னால் மூன்று பேர் ஓடுவதற்குத் தயாராக நின்றார்கள். 1995இல் டாம் ஆஸ்பார்ன் பயிற்றுவித்த நெப்ராஸ்கா அணி ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக ஏறத்தாழ 400 யார்டு ஓட்டத்திலேயே சேர்த்தது. சீசனின் முடிவில் ஃபியஸ்டா பவுல் ஆட்டத்தில், எறிதலுக்குப் பேர்போன ஃப்ளோரிடாவை 62–24 என்று வீழ்த்தியபோது அதன் ஓட்டக் கணக்கு மட்டும் 524 யார்டு. அந்த அணியைச் சமநிலை அற்றது என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர்களுடைய ஆப்ஷன் ஆட்டத்தில் பந்து நடுவே ஓடுபவரிடம் போகலாம், குவாட்டர்பேக்கிடமே தங்கலாம், கடைசி நொடியில் வெளிப்புறம் ஓடிவரும் இன்னொருவருக்குத் தள்ளப்படலாம். ஓட்டம் என்ற ஒரே பெயருக்குள் மூன்று கேள்விகள் இருந்தன, மூன்றுக்கும் எதிரணி விடை வைத்திருக்க வேண்டியிருந்தது.

கேள்வி: ஆட்ட முடிவில் வெளியாகும் புள்ளிவிவரப் பட்டியலில் ஓர் அணியின் ஓட்டக் கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே இருந்ததைப் பார்த்தேன். ஓடிய அணி எப்படிப் பின்னால் போகும்?

பதில்: கல்லூரி ஆட்டத்தில் குவாட்டர்பேக் எறிவதற்கு முன்பே பிடித்து வீழ்த்தப்பட்டால், அதாவது சேக் ஆனால், இழந்த யார்டுகளை ஓட்டக் கணக்கில் கழிப்பார்கள். தொழில்முறை என்எஃப்எல் ஆட்டத்தில் அதைப் பாஸ் கணக்கில் கழிக்கிறார்கள். மேலே சொன்ன அதே ஃபியஸ்டா பவுலில் ஃப்ளோரிடாவின் ஓட்டக் கணக்கு கழித்தல் 28 என்று பதிவானதற்கு முக்கியக் காரணம், அதன் குவாட்டர்பேக் மீண்டும் மீண்டும் சேக் ஆனதுதான்.

இதனால் வரும் குழப்பத்தை ஒரு கற்பனைக் கணக்கில் பாருங்கள். ஓர் அணி 30 முறை ஓடுவதற்குத் திட்டமிட்டு 150 யார்டு எடுத்தது, 35 முறை எறியத் திட்டமிட்டதில் 5 முறை சேக் ஆகி 40 யார்டு இழந்தது என்று வைத்துக்கொள்வோம். பட்டியலில் 35 ஓட்டம், 110 யார்டு, 30 பாஸ் என்று வரும். உண்மையில் ஓட்டம் ஒன்றுக்கு ஐந்து யார்டு எடுத்த அணி, மூன்று யார்டு மட்டும் எடுத்ததாகத் தெரியும். அதிகம் எறிய நினைத்த அணி, அதிகம் ஓடியதாகத் தெரியும். எறிய இடம் கிடைக்காமல் குவாட்டர்பேக் தானே ஓடிவிடுவதும் ஓட்டமாகத்தான் எழுதப்படும். எனவே பட்டியலை மட்டும் பார்த்துச் சமநிலையைப் பேசுபவர்களை நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: வர்ணனையில் அடிக்கடி ‘ஆர்பிஓ’ என்கிறார்கள். அது ஓட்டமா, பாஸா? கொஞ்சம் விரிவாகச் சொல்ல முடியுமா?

பதில்: ‘ரன்-பாஸ் ஆப்ஷன்’ என்பதன் சுருக்கம் அது. ஓட்டமா பாஸா என்ற தேர்வைக் குவாட்டர்பேக்கின் கையில் விட்டுவிடும் ப்ளே, அதாவது ஒரு தனி நகர்வு. இன்றைய கல்லூரி ஆட்டத்தில் சமநிலை எங்கே வாழ்கிறது என்று கேட்டால், நான் இதைத்தான் காட்டுவேன். ஒரே ஒரு ப்ளேயை மெதுவாகப் பார்ப்போம்.

தாக்கும் அணியின் முன்வரிசையில் ஐந்து பேர். அவர்களுக்கு எதிரே, பாக்ஸ் எனப்படும் அந்த நெருங்கிய பகுதியில், தடுப்பு அணியினர் ஆறு பேர். ஐந்து பேரால் ஆறு பேரைத் தடுக்க முடியாது, ஒருவர் மிஞ்சுவார். மிஞ்சும் அந்த ஒருவரை, தடுப்பு முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் ஒரு லைன்பேக்கரை, வேண்டுமென்றே யாரும் தொடாமல் விட்டுவிடுகிறார்கள். குவாட்டர்பேக் பந்தை வாங்கியதும் அருகில் நிற்கும், பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக்கின் வயிற்றருகே அதை நீட்டுகிறார். இருவர் கையும் பந்தின் மேல் இருக்கிறது. ஆனால் குவாட்டர்பேக்கின் கண்கள் பந்தில் இல்லை, அந்த லைன்பேக்கரின் கால்களில் இருக்கின்றன. ஓட்டத்தைத் தடுக்க அவர் ஓரடி முன்னே வைத்தால், அவர் விட்டுவந்த இடத்தை நோக்கி, பாஸைப் பிடிக்கும் ஒரு ரிசீவர் குறுக்காக ஓடிவந்துகொண்டிருப்பார். குவாட்டர்பேக் பந்தை உருவி அங்கே எறிந்துவிடுகிறார். லைன்பேக்கர் பின்வாங்கினால் அல்லது தயங்கி நின்றால், பந்து ரன்னிங் பேக்கிடமே விடப்படுகிறது, இப்போது ஐந்து பேருக்கு எதிரே ஐந்து பேர்தான். லைன்பேக்கர் என்ன செய்தாலும் தவறாகும்படி அமைத்திருக்கிறார்கள். இவ்வளவும் நடக்க ஆகும் நேரம் ஏறத்தாழ ஒரு நொடி.

முன்வரிசையினருக்கு எது நடக்கப்போகிறது என்று தெரியாது, அவர்கள் ஓட்டத்துக்காகவே முன்னேறித் தள்ளுகிறார்கள். இங்கேதான் கல்லூரி விதி கைகொடுக்கிறது. பந்து கோட்டைக் கடந்து எறியப்படும் ப்ளேயில் அவர்கள் மூன்று யார்டு வரை முன்னே போகலாம், என்எஃப்எல்லில் ஒரு யார்டுதான். அந்த இரண்டு யார்டு வித்தியாசம் குவாட்டர்பேக்குக்குக் கொடுக்கும் அவகாசம் சிறியதுதான், ஆனால் இந்த ப்ளேக்கு அது பெரிது. அவர் தாமதித்தால் முன்வரிசை எல்லை மீறி, விதிமீறலுக்கான கொடி விழும். தடுப்பு அணியும் சும்மா இருப்பதில்லை. லைன்பேக்கரைத் துணிந்து முன்னே அனுப்பிவிட்டு, எல்லோருக்கும் பின்னால் காவல் நிற்கும் சேஃப்டியை அந்தக் காலி இடத்துக்கு இறக்குவார்கள். அதைக் கவனிக்காமல் எறிந்தால் பந்து நேராக அவர் கையில் போய் விழும்.

புள்ளிவிவரத்தில் இது முடிவைப் பொறுத்து ஓட்டமாகவோ பாஸாகவோ பதிவாகும். அழைத்த பயிற்சியாளரோ இரண்டையும் சேர்த்தே அழைத்தார்.

கேள்வி: “முதலில் ஓட்டத்தை நிலைநாட்டு, பிறகு பாஸ் தானாகத் திறக்கும்” என்று என் அமெரிக்க நண்பர் அடித்துச் சொல்கிறார். சரிதானா?

பதில்: பாதி சரி. எதிரணி ஓட்டத்துக்கு அஞ்ச வேண்டும் என்பது உண்மை, ஆனால் அந்த அச்சத்தை உண்டாக்க முதல் அரை மணி நேரம் சுவரில் முட்டிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஓட்டம் போலக் காட்டி எறியும் ப்ளே ஆக்‌ஷன் ஏன் பலிக்கிறது? லைன்பேக்கர் சிறுவயதிலிருந்தே முன்வரிசையின் அசைவைப் படித்து நகரப் பழகியவர், அந்த அசைவைப் பார்த்ததும் அவருடைய கால் தானாக முன்னே போகும். அதற்கு முன் எத்தனை ஓட்டங்கள் நடந்தன என்பதைவிட, காட்டும் அசைவு உண்மையான ஓட்டத்தைப் போலவே இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

2019இல் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழக) அணி இதைத் தலைகீழாகச் செய்து காட்டியது. அதன் குவாட்டர்பேக் ஜோ பர்ரோ 5,671 யார்டுகளும் 60 டச்டவுன்களும் எறிந்த அதே சீசனில், ரன்னிங் பேக் கிளைட் எட்வர்ட்ஸ்-ஹெலேர் 1,414 யார்டு ஓடினார், 55 பாஸ்களையும் பிடித்தார். ஐந்து பேர் பாஸுக்காகப் பரவி ஓடும் அபாயத்தைச் சமாளிக்க எதிரணிகள் ஆட்களை அகலப் பரப்பின, நடுவே ஓடுவதற்கு வழி பிறந்தது. பாஸ்தான் ஓட்டத்தைத் திறந்தது. அந்த அணி 15 ஆட்டங்களிலும் வென்றது.

நண்பருக்குச் சாதகமான சான்றும் உண்டு, அதை மறைப்பது நியாயமாகாது. 2023 நவம்பர் 11 அன்று பென் ஸ்டேட் மைதானத்தில் மிச்சிகன் அணி, இரண்டாம் பாதியில் அதிகாரபூர்வக் கணக்கில் ஒரு பாஸ்கூட எறியாமல் 24–15 என்று வென்றது. எறியத் தெரியாத அணி அல்ல அது. எதிரணியின் ஓரங்களில் நின்ற வேகக்காரர்கள் குவாட்டர்பேக்கை வீழ்த்தத் துடித்துக்கொண்டிருந்தார்கள், முன்னிலையோ தங்கள் கையில் இருந்தது, எறிந்து அந்த வேகத்துக்கு வேலை கொடுப்பானேன் என்று முடிவெடுத்தார்கள். அந்த முடிவை இன்றும் நான் மதிக்கிறேன். அதே அணிதான் 2024 ஜனவரி 8 அன்று இறுதி ஆட்டத்தில் வாஷிங்டனை 34–13 என்று வென்றது. அன்று அவர்கள் 303 யார்டு ஓடினார்கள். அந்தப் பருவத்தில் நாட்டிலேயே அதிக யார்டு எறிந்த மைக்கேல் பெனிக்ஸ் எதிரணியில் இருந்தார்.

கேள்வி: அப்படியானால் எப்போதும் எறியும் அணியும், எப்போதும் ஓடும் அணியும் எந்தக் கணக்கில் சேரும்?

பதில்: மறைந்த பயிற்சியாளர் மைக் லீச், டெக்சஸ் டெக்கிலும் வாஷிங்டன் ஸ்டேட்டிலும் மிஸ்ஸிஸிப்பி ஸ்டேட்டிலும் ஏர் ரெய்டு முறையில் மிக அதிகமாக எறியவைத்தவர். பந்தைத் தொடும் இடங்களில் நிற்கும் எல்லோரும் பங்களிப்பதையே அவர் சமநிலையாகக் கருதினார். மறுமுனையில் ஆர்மி, அதாவது அமெரிக்க ராணுவக் கல்லூரியின் அணி. 2018இல் ஓக்லஹோமாவுக்கு எதிராக, ஓடியே பந்தை 44 நிமிடங்களுக்கு மேல் தன்வசம் வைத்திருந்து, தன்னைவிடத் திறமை மிக்க அணியைக் கூடுதல் நேரம்வரை இழுத்துச் சென்று 28–21 என்று தோற்றது. ஆள்பலம் குறைந்த அணிக்கு எதிராளியை வெளியே உட்காரவைப்பதும் ஒரு தற்காப்பு. இரண்டு முறைகளுக்கும் ஒரு விலை உண்டு: அதிகம் பின்தங்கிவிட்டால் ஓடும் அணிக்கு நேரம் போதாது, முன்னிலையைக் காக்க வேண்டியபோது எறியும் அணிக்குக் கடிகாரம் நின்று நின்று ஓடும்.

கேள்வி: அடுத்த சனிக்கிழமை ஆட்டம் பார்க்கும்போது நான் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: பந்து கிளம்புவதற்கு முன் கண்ணைக் குவாட்டர்பேக்கிடமிருந்து எடுத்துவிட்டுப் பின்னால் நிற்கும் சேஃப்டிகளைப் பாருங்கள். இருவரும் ஆழமாக நின்றால் பாக்ஸில் ஆட்கள் குறைவு, ஓட்டத்துக்கு இடம் இருக்கிறது. ஒருவர் முன்னே நழுவி வந்தால் பின்புறம் காலியாகிறது. பிறகு பந்து எந்தப் பக்கத்தில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மைதானத்தின் அகலம் 53 யார்டுக்குச் சற்று அதிகம். பந்தை வைக்கும் இடத்துக்கு எல்லையாக வரைந்திருக்கும் ஹாஷ் குறிகள் கல்லூரி மைதானத்தில் பக்கக் கோட்டிலிருந்து 20 யார்டு தள்ளி இருப்பதால், பந்து ஒரு குறியில் இருந்தால் மறுபக்கம் 33 யார்டு விரிந்து கிடக்கும். அந்த அகன்ற பக்கத்தில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று எண்ணுங்கள். இந்த இரண்டையும் பார்த்துவிட்டு, ஓட்டமா பாஸா என்று நீங்களே மனத்துக்குள் ஒரு முறை சொல்லிக்கொள்ளுங்கள். கால் மணி நேரத்துக்குள் பத்துக்கு எட்டு முறை நீங்கள் சரியாகச் சொல்லிவிட்டீர்கள் என்றால், எதிரணிப் பயிற்சியாளருக்கும் அது தெரிந்திருக்கும்.