செல்ஃப் அடித்தால் ‘டக்’ சத்தம் மட்டும்: மோட்டாரை மாற்றுவதற்கு முன்

கேள்வி: நான்கு வருடம் ஓடிய என் மோட்டார் சைக்கிளில் காலையில் செல்ஃப் பொத்தானை அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. கிக்கரை ஒரு முறை உதைத்தால் இன்ஜின் உடனே ஓடுகிறது. இரண்டு மாதத்துக்கு முன் பேட்டரியை மாற்றினேன். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. பிறகு அதே தொல்லை. ஸ்டார்ட்டர் மோட்டாரையே மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: இப்போதே வேண்டாம். ஒரே உதையில் இன்ஜின் ஓடுவதால் ஸ்பார்க் பிளக், பெட்ரோல் பக்கம் போகவே வேண்டியதில்லை. ரிலே (பொத்தானை அழுத்தியதும் மோட்டாருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) ‘டக்’ என்று சத்தம் போடுவதால் கில் சுவிட்ச், கிளட்ச் சுவிட்ச் போன்றவையும் தங்கள் வேலையைச் செய்கின்றன. மிச்சம் இருப்பது தடித்த ஒயர்களின் பாதைதான்: பேட்டரியிலிருந்து ரிலே, அங்கிருந்து மோட்டார், பிறகு இன்ஜின் உடல் வழியாக மறுபடி பேட்டரி.

எனக்குத் துப்பு கொடுப்பது நீங்கள் சொல்லும் அந்த இரண்டு வாரம். பேட்டரி மாற்றும்போது முனைகளைச் சுரண்டி போல்ட்டை இறுக்குவார்கள். அதனாலேயே சில நாள் ஒழுங்காக இருந்திருக்கலாம். அல்லது முழு சார்ஜோடு வந்த பேட்டரி, வண்டி சரியாகச் சார்ஜ் ஏற்றாமல் மெல்ல வடிந்திருக்கலாம்.

வோல்ட் அளக்கும் ஒரு மல்டிமீட்டர் போதும். டி.சி. 20 வோல்ட் அளவில் வைத்து, மீட்டர் ஒயர்களின் நுனியில் உள்ள முள்களை பேட்டரி ஒயரின் வளையத்தில் வைக்காமல் பேட்டரியின் ஈய முனையிலேயே வையுங்கள். வண்டி நியூட்ரலில் இருக்கட்டும். சும்மா இருக்கும்போது 12.6 வோல்ட்டுக்குக் குறையாமல் காட்டினால் நல்லது. ஆனால் இந்த எண்ணைப் பார்த்துவிட்டு ‘பேட்டரி நன்றாக இருக்கிறது’ என்று தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள், அங்கேதான் ஏமாறுகிறார்கள். பொத்தானை அழுத்தியபடி மீட்டரைப் பாருங்கள். 10 வோல்ட்டுக்குக் கீழே சரிந்தால் முதலில் பேட்டரியைத் தனியாகச் சார்ஜ் போட்டு மறுபடி சோதியுங்கள். 12ஐ விட்டு அசையவே இல்லையென்றால் மின்சாரம் மோட்டாருக்குப் போகவில்லை. வழியில் எங்கோ தடை இருக்கிறது.

தடையைத் தேடும்போது பலரும் மறப்பது, இன்ஜின் உடலைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையோடு இணைக்கும் எர்த் ஒயரை. ஒரு முள்ளைப் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலும் மற்றதை இன்ஜினின் பெயின்ட் இல்லாத உலோகத்திலும் வைத்துப் பொத்தானை அழுத்துங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அந்த ஒயரிலோ அதன் இரு முனைகளிலோதான். என் வண்டிக்கே ஒருமுறை மோட்டாரைக் கழற்றி, அதன் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டான பிரஷ்ஷை மாற்றி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். கடைசியில் பார்த்தால், இன்ஜினில் எர்த் ஒயரைப் பிடித்திருக்கும் போல்ட் விரலாலேயே சுழன்றது. வளையத்துக்கு அடியில் பச்சைப் பொடி. உப்புத்தாள் வைத்துத் தேய்த்து இறுக்க ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. (பேட்டரி ஒயர்களைக் கழற்றும்போது நெகட்டிவை முதலில் கழற்றுங்கள், கடைசியாக மாட்டுங்கள்.)

எர்த் சரியென்றால் ரிலேவின் இரண்டு தடித்த போல்ட்டுகளுக்கு இடையே அளக்கவும். அழுத்தும்போது ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். சத்தம் வந்தும் 12 அப்படியே நின்றால் உள்ளே இருக்கும் செப்புத் தொடுமுனை கருகிவிட்டது. மோட்டார் விலையோடு பார்த்தால் ரிலே சில்லறைச் செலவு. மோட்டாரின் முனைவரை மின்சாரம் குறையாமல் வந்தும் அது சுழலாவிட்டால்தான் மெக்கானிக் சொன்னது சரி. அப்போதும் பிரஷ் மட்டும் கிடைக்குமா என்று கேளுங்கள்.

எல்லாம் சரியானதும் இன்ஜினை ஓடவிட்டு, ஆக்ஸிலரேட்டரைச் சற்றுத் திருகிப் பேட்டரி முனையில் பாருங்கள். பெரும்பாலான வண்டிகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்கும். 13ஐத் தாண்டவில்லையென்றால் சார்ஜ் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையோ, இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் ஸ்டேட்டர் காயிலையோ பார்க்க வேண்டும். அதைச் சரிசெய்யாமல் இன்னொரு பேட்டரி வாங்கினாலும் அதற்கும் ஆயுள் இரண்டு வாரம்தான்.